இரண்டாம் கையெழுத்து

சாலமோனைப் பொறாமைக்காரர் என்று சொன்னால் செம்பாக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கியபோது தானே போய் ப்ளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தவர். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு டெலிபோன் இலாகாவில் வேலை கிடைத்த அன்று அவளுடைய அப்பாவைவிடச் சத்தமாகச் சிரித்தவர். அவருடைய பொறாமை முழுவதும் ஒரே ஒரு ஆளுக்காகச் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த சத்தியநாதன்.

1946இல் இருவரும் ஒரே ரயிலில் விமானப்படைக்குப் போனார்கள். பெங்களூரில் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, விமானத்தின் உடம்பைப் பழுது பார்க்கும் வேலையைக் கற்றார்கள். இறக்கை, வால், அவற்றைத் தாங்கும் குழாய்கள், இழுத்துக் கட்டும் கம்பிகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எஞ்சினைத் தொடமாட்டார்கள், அது வேறு ஆட்களின் வேலை. பதவி உயர்வின் முதல் பட்டை சத்தியநாதனுக்கு மூன்று மாதம் முன்னதாகக் கிடைத்தது. அந்த மூன்று மாதமும் சாலமோன் அவருக்கு சல்யூட் அடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது.

பதினைந்து வருடம் கழித்து இருவரும் தாம்பரத்தில் பணியை முடித்துக்கொண்டு, செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் மனை வாங்கினார்கள். ஒரே வாரத்தில் கிணறு வெட்டினார்கள். சத்தியநாதன் வீட்டில் இருபத்திரண்டு அடியில் இளநீர் மாதிரி தண்ணீர் வந்தது. சாலமோன் வீட்டில் முப்பது அடி போயும் உப்பு. அதில் துணி துவைக்கலாம், பருப்பு வேகாது. ஆகவே சாலமோனின் மனைவி ரத்தினபாய் ஒன்பது வருடமாக, தினமும் சாயங்காலம், இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு சத்தியநாதன் வீட்டுக்குப் போய் வந்தாள்.

ஆலயத்துப் பாடகர் குழுவில் சத்தியநாதன் முன்வரிசை, சாலமோன் பின்வரிசை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, ‘முன்னாள் விமானப்படை’ என்று பலகை மாட்டி, சத்தியநாதன் சொந்தமாகத் தகரவேலையும் வெல்டிங்கும் செய்துகொண்டிருந்தார். சாலமோன் குரோம்பேட்டையில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் ஷெட்டில், ஒரு சூப்பர்வைசருக்குக் கீழே ரிவிட் அடித்துக்கொண்டிருந்தார்.

இவற்றில் ஒன்றுகூட சண்டை போடக்கூடிய விஷயம் இல்லை. அதுதான் கஷ்டம். சத்தியநாதன் எதையும் பெரிதாகக் காட்டிக்கொண்டதும் கிடையாது. காட்டிக்கொண்டிருந்தால் சாலமோனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

1970 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காக சாலமோன் லீவு போட்டிருந்தார். சூப்பர்வைசர் ஆள் அனுப்பி வேலைக்குக் கூப்பிட்டுவிடுவானோ என்ற பயத்தில், “யார் வந்து கேட்டாலும் நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கொல்லைப்புறம் ஏணிமேல் ஏறிவிட்டார். அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது ரத்தினபாய் சொன்னாள்.

“யாரோ ஒரு ஐயங்கார் பிள்ளை வந்திச்சுங்க. தோத்தாத்ரின்னு பேரு. ஏரோப்ளேன் ரெக்கை வேலை தெரிஞ்சவர் இந்தத் தெருவுல இருக்காராமேன்னு கேட்டிச்சு.”

“எதுக்காம்?”

“காருக்கு ரெக்கை வைக்கணுமாம்.”

சாலமோனின் கை தட்டில் நின்றது. “காருக்கா?”

“சோழவரத்துல கார் பந்தயம் நடக்குதில்ல, அதுல ஓட்டுமாம். காரு வேகமாப் போகையில பின்சக்கரம் தரையில சரியாப் பதியலியாம். வெளிநாட்டுல எல்லாம் காருக்குப் பின்னால ஒரு ரெக்கைய வெச்சு அமுக்குறாங்களாம். புஸ்தகத்துல படம்கூடக் காட்டிச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“நீங்கதான் ஊர்ல இல்லயே. சத்தியநாதன் அண்ணன் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினேன்.”

அவர் அதற்கு மேல் சாப்பிடவில்லை. கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, சொல்லச் சொன்னது அவர்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை இறக்கை வேலை அவர் வாசலைத் தேடி வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவர் தன் வீட்டுக் கொல்லையிலேயே ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ரத்தினபாய் கொண்டுவந்த ஒவ்வொரு குடம் தண்ணீரோடும் ஒரு செய்தியும் வந்தது. வெள்ளை நிற ஹெரால்ட் கார் ஒன்று கொட்டகைக்கு வந்துவிட்டது. அலுமினியத் தகட்டில் இறக்கை செய்தாகிவிட்டது. சத்தியநாதன் மனைவி புஷ்பம், துணி உலர்த்தும் கொடியை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தைக் காருக்குக் கொடுத்துவிட்டாள். சாலமோன் எதையும் கேட்கமாட்டார். பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். ரத்தினபாய் சொல்லி முடித்ததும், “விமானத்து ரெக்கை மேலே தூக்கும். இது கீழே அமுக்கணும். அப்ப ரெக்கையைக் குப்புறப் போடணும். அது தெரியுமா அவனுக்கு?” என்று பேப்பரைப் பார்த்தே கேட்பார்.

மறுநாள் பதில் வரும். “குப்புறத்தான் போட்டிருக்காராம்.”

சாலமோனுக்கு அன்று பேப்பரில் ஒரு வரிகூட ஏறாது.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சத்தியநாதனே வீட்டுக்கு வந்தார். கையில் நீல அட்டை போட்ட நோட்டு. ரத்தினபாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது தன் வீட்டுத் தண்ணீரில் போட்ட காப்பி என்பது சத்தியநாதனுக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

“சாலமோன், ரெக்கை முடிஞ்சுது. நீ வந்து பாத்து ரெண்டாம் கையெழுத்துப் போடணும்.”

விமானப்படையில் ஒரு வழக்கம் உண்டு. தவறினால் உயிர் போகும் என்கிற வேலைகளை ஒருவன் முடித்துக் கையெழுத்துப் போட்டால் போதாது. அதில் கை வைக்காத இன்னொருவன் வந்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தன் கையெழுத்தையும் போட வேண்டும். அதுவரை விமானம் நகராது. செய்தவனுடைய கண் தன் தப்பைத் தாண்டிப் போய்விடும் என்பதால் ஏற்பட்ட வழக்கம். வெளியே வந்து ஒன்பது வருடமாகியும் சத்தியநாதன் அதை விடவில்லை என்பது சாலமோனுக்குப் புதிய செய்தி. பஸ் ஷெட்டில் அவர் எப்போதோ விட்டுவிட்டார். அதற்காகவும் ஒரு துளி பொறாமை எழுந்தது.

“நான் எதுக்கு? உனக்குத் தெரியாததா?”

“இந்தப் பக்கத்துல இந்த வேலை தெரிஞ்ச ஆள் ரெண்டே பேர். செஞ்சவன் நான். அப்ப பாக்க வேண்டியவன் யாரு?”

பெருமையைக் காட்டத்தான் கூப்பிடுகிறான் என்று சாலமோன் முடிவு செய்தார். நாளைக்கு வருகிறேன் என்றார். அன்றைக்குப் பெட்டியிலிருந்து பழைய டார்ச்சையும், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியையும் எடுத்துத் துடைத்துவைத்தார். ஒரு பிழையாவது இருக்கும். யார் செய்தாலும் ஒன்றாவது இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை.

சனிக்கிழமை பிற்பகல் அவர் கொட்டகைக்குள் நுழைந்தபோது மூன்று பேர் இருந்தார்கள். சத்தியநாதன்; ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டிருந்த தோத்தாத்ரி; காரின் கதவில் பதினேழு என்ற எண்ணை எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர் கன்னியப்பன்.

காரைப் பார்த்ததும் சாலமோன் வாசலிலேயே நின்றார். அழகாக இருந்தது. நான்கடி அகல இறக்கை, டிக்கிக்கு மேலே இரண்டரை அடி உயரத்தில், விரல் பருமனுள்ள இரண்டு குழாய்களின்மேல் காற்றில் மிதப்பது போல நின்றது. குழாய்களைக்கூடக் காற்று உரசாமல் இருக்க சத்தியநாதன் தட்டையாக்கியிருந்தார். ஆஸ்டர் என்ற சின்ன விமானத்தில் இருவரும் நான்கு வருடம் வேலை செய்திருந்தார்கள். அதன் இறக்கையைத் தாங்கும் குழாயின் வடிவம் அப்படியே இதில் இருந்தது.

“படத்துல இருக்கிற மாதிரியே வந்துடுத்து சார்” என்று தோத்தாத்ரி மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகையை நீட்டினான்.

சாலமோன் அதை வாங்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் காருக்கு அடியில் போனார்.

குழாயின் அடியை வெறும் டிக்கித் தகட்டில் முடுக்கியிருந்தால், அந்த நிமிடமே வெளியே வந்து சிரித்திருப்பார். அந்தத் தகடு காகிதம் மாதிரி கிழிந்துவிடும். ஆனால் குழாய் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, காரின் எலும்பான சேஸிஸிலேயே போய் உட்கார்ந்திருந்தது. சேஸிஸுக்கு மேலும் கீழும் கனத்த இரும்புப் பட்டை வைத்து, நடுவில் போல்ட் போட்டிருந்தது. நட்டு கழன்றாலும் போல்ட் விழாதபடி தலை மேலே, நட்டு கீழே. ஒவ்வொரு நட்டும் கழலாதபடி அதன் ஊடே ‘பின்’ என்ற இரட்டைக்கால் ஊசியைக் குத்தி, அதன் இரண்டு காலையும் மடக்கிவிட்டிருந்தது. பதினாறு பின். பதினாறும் ஒரே பக்கமாக மடங்கியிருந்தன. கண்ணாடியை உள்ளே விட்டு, தெரியாத மூலையில் இருந்த இரண்டையும் பார்த்தார். அவையும் அதே பக்கம்.

ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. வெல்டிங் முழுவதையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“இன்னா சார், தங்கம் கிங்கம் தேடிக்கினு கீறீங்களா அங்க?” என்றான் கன்னியப்பன்.

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. இருபத்துநாலு வருடமாக இந்த ஆளுக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் கண்முன் வந்து நின்றது. சத்தியநாதன் நோட்டைத் திறந்து பேனாவைக் கொடுத்தார். மேலே அவருடைய கையெழுத்து, கீழே காலி இடம்.

எழுதுவதற்கு மேசை இல்லை. சாலமோன் நோட்டை இறக்கையின் மேலேயே வைத்தார். ஒரு நல்ல வார்த்தையும் சொல்லாமல் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்ற எரிச்சலில், உள்ளங்கையை ஊன்றி, பேனாவை அழுத்தினார்.

இறக்கை விரல் அளவு இடது பக்கமாக நகர்ந்து, திரும்பி வந்தது.

அவர் பேனாவை எடுத்துவிட்டார். இன்னொரு முறை, கையை மட்டும் வைத்து அழுத்தினார். குழாய் இரண்டும் நடுவில் லேசாக வில் மாதிரி வளைந்து நிமிர்ந்தன. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆஸ்டர் விமானத்தில் இறக்கை மேலே போகப் பார்க்கும். குழாய் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இழுபடுகிற குழாய் மெல்லியதாக இருந்தாலும் தாங்கும். இந்த இறக்கையோ குப்புறப் போட்டது. காற்று இதைக் கீழே தள்ளும். குழாய் இங்கே தள்ளப்படுகிறது. சத்தியநாதன் இறக்கையைத் திருப்பிப் போட்டுவிட்டார். குழாயைப் பற்றிய யோசனையை மட்டும் திருப்பிப் போடவில்லை. விமானத்தில் ஊறிய கைக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. சாலமோன் செய்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அந்த நிமிடம் அவருக்குள் பொங்கியது சந்தோஷம்தான். வேறு பெயர் சொல்ல முடியாது.

“நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றார்.

“ஏன், எந்த போல்ட்?” சத்தியநாதன் குனிந்தார்.

“போல்ட் இல்ல. குழாய். வேகத்துல வளைஞ்சு விழுந்திடும்.”

“கப்பிச் சங்கிலியில மாட்டி நானூறு பவுண்டுக்கு இழுத்துப் பாத்தேன்பா. அசையல.”

“நீ இழுத்துப் பாத்த. காத்து தள்ளும்.”

சத்தியநாதன் ஒரு நிமிடம் குழாயைப் பார்த்தார். அதற்குள் கன்னியப்பன் பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான்: “ரெண்டு மணி நேரமா தேடி ஒண்ணும் கெடைக்கல. இப்ப நல்லா கீற குழாய பேஜார் பண்றாரு.”

தோத்தாத்ரி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு சத்தியநாதனுக்கும் தொற்றியது. “சாலமோன், இத்தனை வருஷத்துல என் வேலைய நல்லாருக்குன்னு நீ ஒரு தடவ சொல்லியிருக்கியா? யோசிச்சுச் சொல்லு.”

சாலமோன் யோசித்தார். சொன்னதில்லை.

“அடுத்த மாசம் ரேஸ் சார். பேர் குடுத்தாச்சு” என்றான் தோத்தாத்ரி. “சத்தியநாதன் சார் சொல்றதுல எனக்கு நம்பிக்கை இருக்கு. நீங்க கையெழுத்து போடலேன்னா பரவாயில்லே.”

சாலமோன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். புஷ்பம் ‘காப்பி சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே’ என்று கூப்பிட்டது காதில் விழாததுபோல் நடந்தார்.

வீட்டில் ரத்தினபாய் முழுவதையும் கேட்டாள். பிறகு, “நெஜமாவே கோளாறு இருக்குதா, இல்ல உங்க மனசா?” என்றாள்.

“நீயுமா?”

“கேக்குறேன், சொல்லுங்க.”

அது அவருக்கே தெரியவில்லை. தப்பைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம் வந்ததே, அந்தச் சந்தோஷம்தான் தப்பை உண்டாக்கியதோ? வேண்டும் வேண்டும் என்று தேடுகிறவன் கண்ணுக்கு இல்லாததும் தெரியும். ஒருவேளை குழாய் வளையவே இல்லையோ? கொட்டகையின் தரைதான் மேடுபள்ளமோ?

வாசலில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி மனைவியிடம் கொடுத்தார். “ரெண்டு முனையும் பிடிச்சு இழு.”

ரத்தினபாய் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். ஈர்க்கு அறுந்துபோகவில்லை.

“இப்ப அதையே தரையில நட்டுக்க நிறுத்தி, மேல ஒரு விரலை வெச்சு அமுக்கு.”

ஒற்றை விரலுக்கே ஈர்க்கு வளைந்து பக்கத்தில் சாய்ந்தது.

அவள் அதை நிமிர்த்தி இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தாள். “இதை அங்க செஞ்சு காட்ட வேண்டியதுதானே?”

“என் பேச்சை எவன் கேப்பான்?”

“கேக்காமப் போகட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாளைக்கு அந்தக் கெணத்துல நான் எப்படிங்க குடத்தை எறக்குவேன்? என் புருஷனுக்குத் தெரியும், தெரிஞ்சும் வீட்டுல வந்து படுத்துக்கிட்டாருன்னா?”

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது சாலமோன் முதல்முறையாக முன்வரிசையை நோக்கிப் போனார்.

“சத்தியா, கொட்டகையில நல்ல பலகை ஒண்ணு இருக்குமா?”

“எதுக்கு?”

“காரு தொண்ணூறு மைல்ல போகும்போது அந்த ரெக்கை மேல எவ்வளவு காத்து உக்காரும்?”

“தோத்தாத்ரி கணக்குப் போட்டான். எம்பது, தொண்ணூறு பவுண்டு.”

“சோழவரம் ஓடுபாதை கான்கிரீட் பலகை போட்டது. ஒவ்வொரு இணைப்புலயும் தூக்கிப் போடும். அப்ப அதுவே ரெண்டு மடங்கு. நாம ஏரோப்ளேன்ல அதுக்கும் மேல தாங்கற மாதிரித்தானே செய்வோம்? உன் எடையும் என் எடையும் சேந்தா இருநூத்தம்பது பவுண்டு வரும். நீ செஞ்சது, நான் சந்தேகப்படறது. ரெண்டு பேரும் ஏறி உக்காருவோம். நின்னா, அந்த எடத்துலயே கையெழுத்துப் போட்டுத் தரேன். அதுக்குக் கீழ, சத்தியநாதன் வேலை நல்லாருக்குன்னும் எழுதித் தரேன்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு மூச்சு வாங்கியது. சத்தியநாதன் கொட்டகையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

கொட்டகையில் தோத்தாத்ரி காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கன்னியப்பன் எண்ணுக்கு இரண்டாம் பூச்சு கொடுத்துக்கொண்டிருந்தான். இறக்கையின் மேல் சாக்கை விரித்து, அதன்மேல் பலகையை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி சட்டையோடு சத்தியநாதன் ஸ்டூலில் கால் வைத்து ஏறி முதலில் உட்கார்ந்தார். இறக்கை ஒருமுறை ஆடி நின்றது.

“பாத்தியா?” என்றார்.

“நான் இன்னும் ஏறல.”

“இன்னா சார், ரெண்டு பேரும் ஊஞ்சலா?” என்றான் கன்னியப்பன். “கல்யாணப் பாட்டு ஒண்ணு எடுத்து வுடட்டுமா?”

சாலமோன் மறுபக்கம் ஏறி, மெல்லத் தன் பாரத்தை இறக்கினார்.

சத்தமே வரவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. கூட்டம் ஏறிய பஸ் ஒரு பக்கம் சாய்வதுபோல இறக்கை இடது பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது நிற்கவில்லை. குழாய் இரண்டும் முழங்கால் மடக்குவதுபோல நடுவில் மடங்கின. இரண்டு பெரிய மனிதர்களும் டிக்கிமேல் சறுக்கி, அங்கிருந்து தரையில் வந்து உட்கார்ந்தார்கள். பலகை அவர்களுக்குப் பின்னால் வந்து விழுந்தது.

கன்னியப்பன் சிரிக்க வாயைத் திறந்தவன் தோத்தாத்ரியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். தோத்தாத்ரி மடங்கிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டத்தில் இது மடங்கியிருந்தால் காருக்குள் தான் இருந்திருப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். துடைக்கும் துணி கையிலிருந்து நழுவியதை அவன் கவனிக்கவில்லை.

சாலமோன் தரையில் உட்கார்ந்தபடியே சத்தியநாதனின் முகத்துக்காகக் காத்திருந்தார். இருபத்துநாலு வருடமாகக் காத்திருந்த முகம். தோற்றவனின் முகம். ஆனால் சத்தியநாதன் அவர் பக்கமே திரும்பவில்லை. தவழ்ந்து போய், மடங்கிய இடத்தை விரலால் தடவினார்.

“தள்ளுது” என்றார் தனக்குத்தானே. “ஆமா. இழுக்கல, தள்ளுது. எப்படி எனக்குத் தோணல?” பிறகுதான் திரும்பினார். “குழாயை எவ்வளவு கனம் பண்ணலாம் சொல்லு. நீ செய். உனக்குத்தான் புரிஞ்சிருக்கு.”

இப்படித் தோற்கவும் ஒரு ஆளால் முடியுமா? சாலமோனுக்கு அதுவும் பொறாமையாக இருந்தது.

பதினைந்து நாள், ஷெட்டிலிருந்து வந்தபின் சாயங்கால வெளிச்சம் இருக்கும்வரை, சாலமோன் அந்தக் கொட்டகையில் வேலை செய்தார். இறக்கையின் உயரத்தைப் பாதியைவிடவும் குறைத்தார். விரல் பருமன் குழாய்க்குப் பதில் கட்டைவிரலைவிடப் பெரிய இரும்புக் குழாய். இரண்டுக்கும் நடுவே பெருக்கல் குறிபோலக் குறுக்குச் சட்டம், பக்கவாட்டில் சாயாமல் இருக்க. முன்பக்கமாக இரண்டு தாங்கல். அடியில் சத்தியநாதன் போட்டிருந்த பட்டைகளையும் போல்ட்டுகளையும் கழற்றி மாட்டி, பின்களை மட்டும் புதிதாகக் குத்தி, அப்படியே வைத்துக்கொண்டார். அவற்றைவிட நன்றாகத் தன்னால் செய்ய முடியாது என்று தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துக்கொண்டார். கடைசியில் மணல் மூட்டைகளை இறக்கைமேல் அடுக்கி, காலையிலிருந்து மாலை வரை வைத்திருந்தார்கள். நூல் பிடித்துப் பார்த்தபோது மயிரிழைகூட அசையவில்லை.

அந்த நாட்களில் தோத்தாத்ரி எங்கிருந்தோ புதிய பத்திரிகை ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தான். அந்த மாதிரி உயர்ந்த இறக்கைகள் வெளிநாட்டிலும் ஓட்டத்தின் நடுவில் முறிந்து, தடை செய்யப்பட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று அதில் போட்டிருந்தது. அவன் வைத்திருந்த படம் அதற்கு முந்தைய வருடத்தது.

நோட்டில் புதுப் பக்கம். இந்த முறை மேலே சாலமோன் கையெழுத்து. கீழே சத்தியநாதன் போட வேண்டும். அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இறக்கையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். பேனாவுக்குக் கையை நீட்டினார்.

“பாத்துட்டுப் போடு” என்றார் சாலமோன்.

“பாத்தாச்சே. நீ செஞ்சதுதானே?”

சாலமோனுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு மணி நேரம் காருக்கு அடியில் தான் படுத்துத் தேடியது நினைவுக்கு வந்தது. இந்த மனிதன் அரை நிமிடத்தில் நம்பிவிடுகிறான். அதிலும் அவனே முந்துகிறான்.

“அடியில போய்ப் பாரு. இல்லன்னா நோட்டைத் தரமாட்டேன்.”

சத்தியநாதன் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார். டார்ச்சையும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு அடியில் போனார். பத்து நிமிடம் ஆனது. பிறகு அவருடைய குரல் மட்டும் வந்தது.

“ஒரு பின் மடங்கல.”

“எது?”

“வலது பக்கம், உள் மூலை. குத்தியிருக்க. காலை மடக்கல.”

“மடக்கினேன். பதினாறும் என் கையால மடக்கினேன்.”

“இது மடங்கல.”

“நீ வயித்தெரிச்சல்ல சொல்ற.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் சாலமோனுக்குத் தான் சொன்னது என்னவென்று புரிந்தது. கன்னியப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஆமா” என்றது சத்தியநாதனின் குரல். “அன்னிக்கு விழுந்ததுலேர்ந்து வயிறு எரியத்தான் செய்யுது. ராத்திரி தூக்கம் வரல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது, எனக்கு ஏன் தெரியலன்னு. ஆனா பின் மடங்காமத்தான் இருக்கு. வந்து பாரு.”

சாலமோன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மல்லாந்து உள்ளே நகர்ந்தார். இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். சத்தியநாதன் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தார். அதில் ஒரு பின், இரண்டு காலும் நேராக, மடக்காமல் நின்றது. ஓட்டத்தில் அது தானே நழுவி விழுந்திருக்கும், பிறகு நட்டு, பிறகு எல்லாம்.

“இடுக்கியைக் குடு” என்றார் சாலமோன்.

சத்தியநாதன் எடுத்துக் கொடுத்தார். சாலமோன் மடக்கினார், மற்ற பதினைந்தும் மடங்கியிருந்த அதே பக்கமாக. வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்ட பிறகு, நோட்டில் இரண்டாம் கையெழுத்து விழுந்தது.

பிப்ரவரியில் சோழவரத்தில் தோத்தாத்ரி ஐந்தாவதாக வந்தான். மற்றவர்கள் காரைப் பார்த்தார்கள். தாம்பரத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்த இரண்டு பேர் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் காரின் பின்பக்கத்தை, அதிலும் வலது பக்க உள் மூலையை, இருக்கும் தூரத்திலிருந்து தெரியவே தெரியாத அந்த மூலையை, பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறக்கை கடைசிவரை நின்ற இடத்தில் நின்றது. ஒலிபெருக்கியில் அந்த இருவரின் பேரையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சத்தியநாதனின் கொட்டகைக்கு இறக்கை கேட்டு இன்னும் இரண்டு கார்கள் வந்தன. இரண்டுக்கும் நோட்டில் இரண்டு கையெழுத்து இருந்தது. பாடகர் வரிசை விஷயத்தில் சாலமோன் ஒருவாறு சமாதானமாகிவிட்டார். விமானப்படைப் பட்டை விஷயம் பழைய கதை என்று விட்டுவிட்டார். ஆனால் சாயங்காலம் ரத்தினபாய் குடங்களை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதெல்லாம் அவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அந்தக் கிணற்றை மட்டும் அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.